மகஜர் கொடுத்த மறுநாள் என்ன செய்கிறோம்?

(ஜொகூர் பாருவில் சட்டம், ஊடகம், சமூகவியல் பயிலும் மாணவர்களுக்காக நடைபெற்ற ஒருநாள் பயிலரங்கில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரை. ஒலிப்பதிவிலிருந்து எழுதப்பட்டு, பேச்சாளரால் சரிபார்க்கப்பட்டது.)



எனக்குக் கொடுத்த தலைப்பு “கொள்கை வாதமும் அரசியல் தொடர்பும்: ஒரு வாழ்க்கைத் தொழில்” என்பது. அழைப்பிதழைப் பார்த்த என் அம்மா, “இதெல்லாம் ஒரு தொழிலாப்பா?” என்று கேட்டார். இருபது வருடமாக அவர் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விதான். அவரைக் குறை சொல்ல முடியாது. பால்மரம் சீவி என்னைச் சட்டம் படிக்க வைத்தவர். வழக்கு, வீடு வாங்கல் விற்றல் பத்திரம் என்று பார்த்தால் காசு வரும். நான் பாதி நாள் வேறெங்கோ அலைகிறேன். அந்தப் பாதி நாள் வேலையைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

அது என்ன வேலை? அரசாங்கம் ஒரு சட்டத்தையோ விதிமுறையையோ எழுதும்போது, அது நம் மக்களின் வாழ்க்கையை எப்படிப் பாதிக்கும் என்று படித்துப் பார்ப்பது. தவறு இருந்தால் ஆதாரம் திரட்டுவது. அதை அதிகாரிக்குப் புரியும் மொழியில் அதிகாரிக்கும், மக்களுக்குப் புரியும் மொழியில் மக்களுக்கும் சொல்வது. மாறும் வரை விடாமல் இருப்பது. முதல் பாதிக்குக் கொள்கை வாதம் என்று பெயர். இரண்டாம் பாதிக்கு அரசியல் தொடர்பு என்று பெயர். ஒன்றில்லாமல் மற்றொன்று நொண்டி.

இப்படி ஒரு வேலை இருப்பதே நமக்குத் தெரிவதில்லை. முதலாளிகளுக்கு நன்றாகத் தெரியும். வங்கிகளுக்கும், புகையிலை நிறுவனங்களுக்கும், செம்பனை நிறுவனங்களுக்கும் இந்த வேலைக்கென்றே சம்பளத்துக்கு ஆட்கள் உண்டு. மசோதா அச்சாவதற்கு முன்பே அவர்கள் அமைச்சின் கதவைத் தட்டியிருப்பார்கள். நாமோ, மசோதா சட்டமாகி நம் தலையில் விழுந்த பிறகு மகஜரோடு போய் வாசலில் நிற்கிறோம். படம் எடுக்கிறோம். மறுநாள் பத்திரிகையில் படம் வருகிறது. அதோடு வீட்டுக்குப் போய்விடுகிறோம்.

மகஜர் கொடுத்த மறுநாள் நாம் என்ன செய்கிறோம்? தோழர்களே, இன்று நான் கேட்க வந்த கேள்வி இது ஒன்றுதான்.

மருந்தடித்த பெண்கள்

உங்களில் தோட்டத்தில் பிறந்தவர்கள் எத்தனை பேர்? கை தூக்குங்கள். நான்கு பேர். உங்கள் பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். “மருந்தடிக்கிற வேலை” என்றால் என்ன என்று சொல்வார். முதுகில் மருந்துத் தொட்டியைச் சுமந்துகொண்டு, ரப்பர் நிரைகளிலும் செம்பனை நிரைகளிலும் புல்லுக்குக் களைக்கொல்லி தெளிக்கும் வேலை. அதைச் செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களில் பெரும் பகுதி நம் தமிழ்ப் பெண்கள்.

அவர்கள் தெளித்த மருந்துகளில் ஒன்று பாராகுவாட். கிராமக்சோன் என்ற பெயரில் விற்கப்பட்டது. விழுங்கினால் மாற்று மருந்து கிடையாது. சுவீடன் 1983-லேயே அதைத் தடை செய்துவிட்டது. இங்கே நம் பெண்கள் கையுறை இல்லாமல், முகமூடி இல்லாமல், நாள் முழுக்க அதன் வாடையில் நின்றார்கள். மூக்கில் ரத்தம் வரும். நகம் கறுத்துக் கழன்று விழும். கண் எரியும். கிராணியிடம் சொன்னால், “நாளைக்கு வராதே” என்பார். அதனால் யாரும் சொல்லவில்லை.

1991-இல் தொடங்கப்பட்ட தெனாகானித்தா அமைப்பு இந்தப் பெண்களிடம் போய் உட்கார்ந்தது. அதை நடத்தியவர் ஐரின் ஃபெர்னாண்டஸ். அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? முதலில் கூட்டம் போடவில்லை. கேட்டார்கள், எழுதிக்கொண்டார்கள். எந்த மருந்து, எத்தனை மணி நேரம், எந்தப் பாதுகாப்புக் கருவி, உடம்பில் என்ன நோவு என்று ஒவ்வொருவராகப் பதிவு செய்தார்கள். பினாங்கைத் தலைமையகமாகக் கொண்ட ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமைப்போடு சேர்ந்து 2002-இல் அறிக்கையாக வெளியிட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் நம் நாட்டுப் பூச்சிக்கொல்லி வாரியம், பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்தப் போவதாக அறிவித்தது.

இத்தோடு கதை முடிந்திருந்தால் கைதட்டிவிட்டுப் போகலாம். மகஜருக்கு மறுநாள் வந்தது. மருந்து தயாரித்த நிறுவனமும் தோட்ட முதலாளிகளும் சும்மா இருக்கவில்லை. மாற்று மருந்துக்குச் செலவு கூடும் என்றார்கள், செம்பனைத் தொழில் பாதிக்கும் என்றார்கள். 2006 நவம்பரில் தடை தளர்த்தப்பட்டது. மேலும் ஆய்வு செய்ய வேண்டும் என்பது காரணம். நான்கு ஆண்டு உழைப்பு ஒரே அறிவிப்பில் போயிற்று.

நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? “இந்த நாட்டில் நமக்கு நீதி இல்லை” என்று ஓர் ஆவேச உரை. அப்புறம் அடுத்த பிரச்சினை. அவர்கள் அப்படி விடவில்லை. 2007-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் நீதிமன்றத் தீர்ப்பால் பாராகுவாட்டுக்கு அனுமதி ரத்தானது. அதையும் எடுத்து வந்து இங்கே காட்டினார்கள். செம்பனை எண்ணெய் வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்களிடம் பேசினார்கள். ஆண்டுக்கு ஆண்டு அதே கோப்பு, அதே கேள்வி. கடைசியில் 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் பாராகுவாட் தடை செய்யப்பட்டது.

2002 முதல் 2020 வரை, 18 ஆண்டுகள். ஐரின் அந்த நாளைப் பார்க்கவில்லை, 2014 மார்ச் 31-இல் காலமானார். தடுப்பு முகாம்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் படும் பாட்டைப் பற்றி 1995-இல் அவர் வெளியிட்ட குறிப்பாணைக்காக 1996-இல் வழக்குப் போடப்பட்டது. 2003 அக்டோபரில் ஓராண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 2008 நவம்பரில்தான் உயர்நீதிமன்றம் விடுவித்தது. மருந்தடித்த பெண்களின் அறிக்கை வெளிவந்ததே இந்த வழக்கு அவர் தலைமேல் தொங்கிக்கொண்டிருந்த காலத்தில்தான். இதை நான் உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. இந்த வேலைக்கு விலை உண்டு என்பதையும், கொடுத்த விலை வீண் போகவில்லை என்பதையும் சேர்த்தே தெரிந்துகொள்ளுங்கள்.

சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம்

கோரிக்கை எப்படி எழுத வேண்டும் என்று பயிற்சி கேட்கும் பிள்ளைகளுக்கு நான் வெளிநாட்டுப் புத்தகம் எதையும் காட்டுவதில்லை. 1941-ஐக் காட்டுகிறேன்.

கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் அந்த ஆண்டு பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. முன்னின்றவர் ஆர். எச். நாதன். அவர் தமிழ் நேசன் பத்திரிகையில் வேலை பார்த்தவர். அதாவது, எழுதத் தெரிந்தவர். அந்தத் தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளைப் படித்துப் பாருங்கள். சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலி எங்களுக்கும் வேண்டும். பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி வேண்டும். கள்ளுக்கடையை மூட வேண்டும். உறவினர்கள் தோட்டத்துக்குள் வந்துபோகத் தடை கூடாது. துரையைக் கண்டாலும் கிராணியைக் கண்டாலும் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க மாட்டோம்.

கவனித்தீர்களா? “எங்களுக்குச் சுயமரியாதை வேண்டும்” என்று எழுதினால் எதிரே இருப்பவர், “யார் உங்களுக்கு மரியாதை தரவில்லை?” என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார். “சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம்” என்றால் அவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளிக்கும் அது புரியும். துரைக்கும் புரியும். அரசியல் தொடர்பு என்று இன்று பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டு சொல்லிக் கொடுக்கிறார்களே, அதன் சாரம் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்தது. தொழிலாளர்கள் சிலர் சுடப்பட்டு இறந்தார்கள். அவர்கள் வைத்த கோரிக்கைகளில் எத்தனை இன்று நமக்குச் சாதாரண விஷயமாகிவிட்டன என்று எண்ணிப் பாருங்கள்.

நான் எழுதிய 14 பக்கம்

மற்றவர்கள் கதையையே சொல்லிக்கொண்டிருந்தால் நியாயமில்லை. என் தோல்வியையும் சொல்கிறேன்.

நான் வழக்கறிஞராகி இரண்டாவது ஆண்டு. குளுவாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஓர் அம்மா வந்தார். கையில் சிவப்பு அடையாள அட்டை. அதாவது, இந்த நாட்டில் நிரந்தரமாக வசிக்க அனுமதி உள்ளவர், ஆனால் குடிமகள் அல்லர். பிறந்தது இங்கே, வளர்ந்தது இங்கே, நாற்பது வருடம் உழைத்தது இங்கே. கணவர் குடிமகன். கோவிலில் தாலி கட்டிய கல்யாணம், பதிவு செய்யவில்லை. 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதார் திருமணத்தைப் பதிவு செய்வது கட்டாயம் என்று சட்டம் சொல்கிறது. தோட்டத்தில் யார் போய்ச் சொன்னார்கள்? மகனுக்குப் பிறப்புப் பத்திரம் எடுக்கவும் தாமதமாகிவிட்டது. பையனுக்கு 15 வயது. பள்ளியில் அடையாள அட்டை கேட்கிறார்கள்.

அந்த அம்மாவைப் போல இன்னும் சில குடும்பங்கள். நான் இளரத்தம். உட்கார்ந்து 14 பக்கத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு மகஜர் எழுதினேன். ஐ.நா. ஒப்பந்தங்கள், இங்கிலாந்துத் தீர்ப்புகள், லத்தீன் சொற்கள், எல்லாம் உண்டு. ஓர் அரசு அலுவலகத்தில் கொடுத்தோம். பத்திரிகையில் படம் வந்தது. என் அம்மா அதை வெட்டி வைத்திருக்கிறார்.

ஆறு மாதம் கழித்துப் போய்க் கேட்டேன். மகஜர் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. அங்கே இருந்த மலாய்க்கார அம்மையார் ஒருவர், நடுத்தர நிலை அதிகாரி, என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தார். “என்சே, நீங்கள் எழுதியதைப் படித்து மேலே அனுப்ப இங்கே ஆள் இல்லை. ஒரே பக்கத்தில் மலாயில் எழுதுங்கள். எத்தனை பேர், எந்தச் சட்டப் பிரிவு, நாங்கள் செய்ய வேண்டியது என்ன. இந்த மூன்று மட்டும் போதும்” என்றார்.

அன்று இரவு எழுதினேன். அந்த ஒரு பக்கம் எழுத எனக்கு 14 பக்கத்தைவிட அதிக நேரம் ஆயிற்று. ஏனென்றால், எந்தச் சட்டப் பிரிவு என்று அப்போதுதான் நான் ஒழுங்காகப் படித்தேன்! கூட்டரசு அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணை அப்போது என்ன சொல்லியது? இந்த நாட்டில் பிறந்த குழந்தையின் பெற்றோரில் ஒருவர், குழந்தை பிறந்த நேரத்தில் குடிமகனாகவோ அல்லது நிரந்தரமாக வசிப்பவராகவோ இருந்தால், அந்தக் குழந்தை சட்டப்படியே குடிமகன். திருமணம் பதிவாகாவிட்டால் தாயின் நிலையை மட்டும் பார்ப்பார்கள். தாய் குடிமகள் இல்லை. ஆனால் நிரந்தரமாக வசிப்பவர். “நிரந்தரமாக வசிப்பவர்” என்ற அந்த இரண்டு சொற்கள் அந்தப் பையனைக் காப்பாற்றின.

ஒன்றே கால் ஆண்டு ஆயிற்று. மாதம் ஒருமுறை போய்க் கேட்டேன். பையனுக்கு நீல அட்டை கிடைத்தது. இன்று லாரி ஓட்டுகிறான், கல்யாணம் செய்துகொண்டான், வாக்களிக்கிறான். இந்த இரண்டு சொற்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் திரும்பி வருவேன்.

நவம்பர் 25-க்கு மறுநாள்

2007 நவம்பர் 25-ஐப் பற்றிப் பேசாமல் நாம் யாரும் உரிமை பற்றிப் பேச முடியாது. நானும் போயிருந்தேன். ஜொகூரிலிருந்து இரவுப் பயணம், வழியெல்லாம் சாலைத் தடுப்பு. கோலாலம்பூரில் கண்ணீர்ப் புகை, ரசாயன நீர். பிரிட்டிஷ் தூதரகத்துக்கு மனு கொடுக்கப் போன கூட்டம் பல்லாயிரம். கையில் காந்தி படம். இத்தனை காலம் தலைகுனிந்து நின்ற சமூகம் அன்று நிமிர்ந்தது. டிசம்பர் 13-இல் ஐவர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் கைதாகிக் கமுந்திங் போனார்கள். 2008 மார்ச் 8 பொதுத் தேர்தலில் தேசிய முன்னணி நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையை இழந்தது. கமுந்திங்கில் இருந்தபடியே எம். மனோகரன் கோத்தா ஆலாம் ஷா சட்டமன்றத் தொகுதியில் வென்றார். அந்த எழுச்சியின் பெருமையை யாராலும் குறைக்க முடியாது.

ஆனால், அந்தக் கூட்டத்துக்கு முன் 2007 ஆகஸ்டு 12-இல் புத்ராஜெயாவில் கொடுக்கப்பட்ட 18 அம்சக் கோரிக்கையை உங்களில் எத்தனை பேர் படித்திருக்கிறீர்கள்? அந்த 18-இல் எது எங்கே நிற்கிறது என்று ஆண்டுதோறும் கணக்கெடுத்து எழுதிய அலுவலகம் ஒன்று நம்மிடம் இருந்ததா? 2013 ஏப்ரல் 18-இல் தேசிய முன்னணியோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது. தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டோர், நாடற்றோர், கல்வி, வேலையும் வணிகமும் என்று அதில் நல்ல தலைப்புகள் இருந்தன. பி. வேதமூர்த்தி துணையமைச்சரானார். 2014 பிப்ரவரியில், வாக்குறுதி காப்பாற்றப்படவில்லை என்று பதவி விலகினார். அவர் போனது சரியா, வந்தது சரியா என்று நாம் இன்னும் டீக்கடையில் வாதாடுகிறோம். நான் கேட்பது வேறு. அந்த ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு கோப்பு, ஒரு தேதி, ஒரு பொறுப்பாளர் என்று அரசாங்கத்துக்கு வெளியே நாம் என்ன ஏற்பாடு செய்து வைத்திருந்தோம்?

2017 ஏப்ரலில் இந்தியர்களுக்கான பெருந்திட்டம் என்று ஒன்று வந்தது. அடுத்த ஆண்டே ஆட்சி மாறியது. பிறகு மித்ரா வந்தது. ஆண்டுக்கு 10 கோடி ரிங்கிட் ஒதுக்கீடு. அது பிரதமர் துறைக்கும் ஒற்றுமைத் துறை அமைச்சுக்கும் இடையே மாறி மாறிப் போனது. எந்தக் கட்சி ஆண்டாலும், பெயர்ப்பலகை எங்கே மாட்டப்பட்டாலும், பணம் எந்தத் தோட்டத்துப் பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்தது என்று ஐந்து ஆண்டு தொடர்ந்து பின்தொடர ஆள் வேண்டும். கூட்டம் சேர்க்க நமக்குத் தெரியும். கோப்பு வைத்திருக்கத் தெரியவில்லை. என் சமூகத்தின் மேல் எனக்குள்ள மனத்தாங்கல் இது. இதில் நானும் அடக்கம்.

கோப்பு வைத்திருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு உங்கள் வயதுக்காரர்களே சாட்சி. 2016-இல் வாக்களிக்கும் வயதை 21-லிருந்து 18-ஆகக் குறைக்க வேண்டும் என்று மாணவர்கள் தொடங்கிய இயக்கம் உண்டி 18. அதன் நிறுவனர்கள் இருவர்: கீரா யுஸ்ரி, தர்மா பிள்ளை. ஒருவர் மலாய்ப் பெண், ஒருவர் நம் பிள்ளை. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்று பாராமல் எல்லாரிடமும் போனார்கள். 2019 ஜூலை 16-இல் மக்களவையில் 211 பேர் ஆதரித்து, ஒருவர்கூட எதிர்க்காமல் அரசியலமைப்புத் திருத்தம் நிறைவேறியது. அப்போது அவர்கள் வீட்டுக்குப் போய்விடவில்லை. 2021-இல் அரசாங்கம் அதை நடைமுறைப்படுத்தத் தாமதம் ஆகும் என்றபோது இளைஞர்கள் நீதிமன்றம் போனார்கள். கூச்சிங் உயர்நீதிமன்றம் ஆண்டு முடிவுக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2021 டிசம்பர் 15-இல் சட்டம் நடப்புக்கு வந்தது. 18 வயதுப் பிள்ளைகள் முதன்முதலாக வாக்களித்த தேர்தல் எது? 2022 மார்ச் 12, நம் ஜொகூர் மாநிலத் தேர்தல்! இங்கே உட்கார்ந்திருக்கும் சிலர் அன்று வாக்களித்திருப்பீர்கள். உங்கள் விரலில் இருந்த அந்த மையை வாங்கித் தந்தது ஆறாண்டுக் கால கோப்பு வேலை.

சோறு கிடைக்குமா?

இனி உங்கள் பெற்றோர் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். இதில் சோறு கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் கறி தினமும் கிடைக்காது. நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களுக்குச் சிறப்பு அதிகாரிகளும் ஆய்வாளர்களும் தேவை. தொழிற்சங்கங்களுக்கு ஆய்வாளர்கள் தேவை. அரசு சாரா அமைப்புகள் இருக்கின்றன. சுஹாகாம் எனும் மனித உரிமை ஆணையம் இருக்கிறது. ஆய்வு நிறுவனங்கள், செய்தித் தளங்கள் இருக்கின்றன. வழக்கறிஞர் மன்றத்தின் குழுக்களில் சம்பளமில்லாமல் கற்றுக்கொள்ளலாம். என்னைப் போல வாரத்தில் மூன்று நாள் வழக்கு, இரண்டு நாள் இந்த வேலை என்றும் பிழைக்கலாம். எப்படியானாலும் மலாய் நன்றாக எழுத வேண்டும். அமைச்சின் மொழி அது. ஆங்கிலம் வேண்டும். தமிழும் வேண்டும், ஏனென்றால் அந்தத் தோட்டத்து அம்மா உங்களிடம் தமிழில்தான் அழுவார்.

சமூகத்துக்கும் ஒரு வார்த்தை. கோவில் கும்பாபிஷேகத்துக்கு நாம் லட்சக்கணக்கில் கொடுக்கிறோம். தப்பில்லை, கொடுங்கள். படித்த பெண் ஒருத்தியை ஒரு மேசையில் உட்கார வைத்து, “நீ நாடாளுமன்ற ஹன்சார்டைப் படி, மசோதாவைப் படி, நமக்குச் சொல்” என்று மாதச் சம்பளம் கொடுக்க ஜொகூரில் இருக்கும் நம் சங்கங்கள் பத்து சேர்ந்தால் முடியாதா? “சேவை இலவசமாகச் செய்ய வேண்டும்” என்கிறோம். இலவசமாகச் செய்பவன் கல்யாணமானதும் போய்விடுகிறான். கோப்பும் அவனோடு போய்விடுகிறது.

இந்தத் தொழிலில் ஒரு படுகுழியும் உண்டு, எச்சரிக்கிறேன். எழுதத் தெரிந்த பிள்ளைகளை விலைக்கு வாங்க ஆட்கள் காத்திருக்கிறார்கள். இன்று இந்தத் தலைவருக்குப் புகழ்மாலை, நாளை அந்த இனத்தின் மேல் வெறுப்பு. கைநிறையக் காசு. அரிசி மூட்டை வாங்கும் கிழவியின் முகத்தைப் படமெடுத்துப் போடுவதும் இதில் சேர்ந்ததே. நான் எனக்கு வைத்துக்கொண்ட கட்டுப்பாடு ஒன்றுதான். யாருக்காக எழுதுகிறேனோ, அவருக்கு அதைத் தமிழில் வாசித்துக் காட்டுவேன். “ஆமாம், இதுதான் நான் சொன்னது” என்று அவர் சொன்ன பிறகே அது வெளியே போகும். குளுவாங் அம்மாவுக்கு என் 14 பக்கத்தை நான் வாசித்துக் காட்டவில்லை. காட்டியிருந்தால், முதல் பக்கத்திலேயே என்னை நிறுத்தியிருப்பார்.

அந்த இரண்டு சொற்கள்

முடிக்கிறேன். அந்தப் பையனைக் காப்பாற்றிய இரண்டு சொற்களைச் சொன்னேனே, “நிரந்தரமாக வசிப்பவர்” என்று. அவை இப்போது எங்கே?

2024 அக்டோபர் 17-இல் மக்களவை குடியுரிமை தொடர்பான அரசியலமைப்புத் திருத்தத்தை நிறைவேற்றியது. அதில் நல்லதும் இருக்கிறது. வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய், தன் பிள்ளைக்குக் குடியுரிமை தர வழி பிறந்தது. பெண்கள் அமைப்புகள் பல ஆண்டு நீதிமன்றத்திலும் வெளியிலும் போராடிப் பெற்றது அது. அநாதைக் குழந்தைகளைப் பாதித்திருக்கக்கூடிய திருத்தங்களையும், அமைப்புகள் கொடுத்த நெருக்குதலால் 2024 மார்ச்சிலேயே அரசாங்கம் கைவிட்டது. ஆனால், நிரந்தரமாக வசிப்பவரின் பிள்ளைக்குச் சட்டப்படியே கிடைத்து வந்த குடியுரிமை அதே திருத்தத்தில் எடுக்கப்பட்டது. இனி அத்தகைய பிள்ளைகள் விண்ணப்பிக்கலாம் என்கிறார்கள். விண்ணப்பம் என்றால் என்ன என்று சிவப்பு அட்டைக்காரரைக் கேளுங்கள், எத்தனை ஆண்டு என்று சொல்வார்.

முன்பு பிறந்தவர்களுக்குப் பாதிப்பில்லை. இனிப் பிறக்கப் போகும் பிள்ளைகள் என்ன ஆவார்கள்? திருமணம் பதிவாகாத, சிவப்பு அட்டைத் தாய்க்குப் பிறக்கும் பிள்ளைக்கு அந்த இரண்டு சொற்கள் இனி இல்லை. சில அமைப்புகள் கடைசி வரை எச்சரித்தன, அவர்களுக்கு என் வணக்கம். நான் எங்கே இருந்தேன்? இருபது ஆண்டாக இதே பிரச்சினையில் அலைந்தவன். ஜொகூரில் சிவப்பு அட்டை வைத்திருக்கும் குடும்பங்கள் எத்தனை, அவர்களில் பிள்ளை பெறும் வயதில் எத்தனை பெண்கள் என்று மலாயில் ஒரே ஒரு பக்கம் என்னிடம் தயாராக இல்லை. இருந்திருந்தால் நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர்களின் கையில் வைத்திருக்கலாம். வேறு வழக்குகளில் மூழ்கியிருந்தேன். வாக்கெடுப்பு முடிந்த மறுநாள் பத்திரிகையில் படித்தேன். மற்றவர்களுக்குச் சொன்ன பாடத்தை நானே தவறவிட்டேன்.

அதனால்தான் இங்கே வந்திருக்கிறேன். எனக்கு நாற்பத்தைந்து வயது. இந்தக் கோப்பைத் தனியே சுமக்க முடியாது.

பிற்பகல் அமர்வில் ஆளுக்கொரு தாள் தருவார்கள். ஆளுக்கு ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பு அட்டை, தோட்டத்து வீடு, தமிழ்ப்பள்ளி நிலம், குறைந்தபட்சச் சம்பளம் ஒழுங்காகக் கிடைக்கிறதா என்பது, எதுவானாலும் சரி. அதன் சட்டப் பிரிவைக் கண்டுபிடியுங்கள். பாதிக்கப்பட்ட மூன்று பேரைப் போய்ப் பாருங்கள். ஒரு பக்கம் மலாயில் எழுதுங்கள், அவர்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். உரிய இடத்தில் கொடுங்கள். கொடுக்கும்போது படம் எடுத்துக்கொள்ளுங்கள், அம்மா வெட்டி வைக்கட்டும். மறுநாள் காலை நாள்காட்டியை எடுத்து, அடுத்த மாதம் எந்தத் தேதியில் திரும்பப் போய்க் கேட்பீர்கள் என்று குறித்து வையுங்கள்.

சிவப்பு அட்டைக் கோப்பை எடுத்துக்கொள்பவர்கள் உரை முடிந்ததும் என்னை வந்து பாருங்கள். அடுத்த சனிக்கிழமை குளுவாங் போகிறேன், காரில் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது.